ஐந்தாவது மாதத்தில் இத்தாலியன் கசந்தால்

வணக்கம் ஐயா,

இத்தாலியன் படிப்பில் சோர்ந்துபோன மகனை நிறுத்தச் சொல்வதா, கோச்சிங் வகுப்பில் சேர்ப்பதா என்று உங்கள் கடிதத்தில் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பியை நிறுத்தச் சொல்லாதீர்கள். கோச்சிங் வகுப்புக்கும் இப்போது பணம் கட்ட வேண்டாம். தோல் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன், யாரும் சொல்லாமல் தானாகவே இத்தாலியன் படிக்க உட்கார்ந்தார் என்பது பெரிய விஷயம். அந்த ஆர்வம் இப்போது சோர்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது, சரிசெய்யவும் முடியும்.

தினமும் அரை மணி நேரம், ஐந்து மாதமாகப் படிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள்கூட விடாமல் படித்திருந்தாலும் கூட்டிப் பார்த்தால் 75 மணி நேரம்தான். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள் உண்டு. முதல் படியான ஏ1-க்கே மொழிப் பள்ளிகள் பொதுவாக 80 முதல் 100 மணி நேரம் ஒதுக்குகின்றன. ஓரளவு சொந்தக் காலில் நிற்கும் பி1 படிக்கு 350, 400 மணி நேரம் ஆகும். அப்படிப் பார்த்தால் உங்கள் மகன் பின்தங்கவே இல்லை, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறார். “அஞ்சு மாசமாச்சு, இன்னும் நாலு வரி பேச வரலையே” என்று அவரும் நீங்களும் வருந்துவது மாதங்களை எண்ணுவதால் வருகிற வருத்தம். இனிமேல் மணி நேரத்தை எண்ணச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதியும் அன்று படித்த நிமிடமும் எழுதினால் போதும்.

அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு எளிதான மொழிகள் என்று அவர்கள் போட்டிருக்கும் பிரிவில் இத்தாலியன் இருக்கிறது. அந்த எளிய மொழிக்கே, முழுநேர வகுப்பில், நல்ல ஆசிரியரோடு, ஏறத்தாழ ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரி, லேப், பயணம் எல்லாம் போக மிஞ்சும் அரை மணியில் தனியாகப் படிக்கிறவர் தன்னை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

சரி, சோர்வு ஏன் சரியாக இந்த நேரத்தில் வருகிறது? முதல் இரண்டு மாதங்களில் எதைத் தொட்டாலும் புதிது. வணக்கம் சொல்வது, எண்கள், காபி கேட்பது, வழி கேட்பது என்று ஒவ்வொரு நாளும் நேற்றுத் தெரியாத ஒன்று தெரிகிறது. அப்புறம் இறந்தகாலம் வருகிறது. இத்தாலியனில் “சாப்பிட்டேன்” என்பதற்கு ஒரு துணைவினை, “போனேன்” என்பதற்கு வேறு துணைவினை. எந்த வினைக்கு எது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். அதோடு நாற்காலி பெண்பால், மேசை ஆண்பால் என்று உயிரில்லாத பொருளுக்கெல்லாம் பால் உண்டு. அஃறிணை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிப் பழகிய நமக்கு இது அலுப்பூட்டும். போன மாதம் தப்பில்லாமல் பேசிய பையன் இந்த மாதம் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுக்கி விழுகிறார். பின்னால் போவதுபோல அவருக்குத் தோன்றும். உண்மையில் அவர் மொழியின் உள்ளே நுழைந்திருக்கிறார். தானாகப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இந்த வாசலில்தான் விட்டுவிடுகிறார்கள், பக்கத்தில் இதைச் சொல்ல ஆள் இல்லாததால்.

அவருக்குத் தெம்பு தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிறவருக்கு இத்தாலியனில் சில இடங்கள் சும்மாவே கிடைக்கின்றன. பாடு, பாட்டு என்று ஒற்றை மெய்யையும் இரட்டை மெய்யையும் பிரித்துச் சொல்வது நமக்குப் பிறந்ததிலிருந்து வரும். இத்தாலியனில் காசா என்றால் வீடு, காஸ்ஸா என்றால் பணம் கட்டும் கவுண்டர். இந்த வித்தியாசத்தைக் காதில் பிடிக்க ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் திணறுவார்கள். பேசுகிறேன், பேசுகிறாய் என்று வினைமுடிவிலேயே ஆள் தெரிவதால் ‘நான்’, ‘நீ’ சொல்லாமல் விடுகிறோம். பார்லோ, பார்லி என்று அவர்களும் அப்படியே விடுகிறார்கள். எனக்குப் பிடிக்கும் என்பதை நாம் எப்படிக் கட்டுகிறோமோ அப்படித்தான் மி பியாச்சே. பெரும்பாலான இத்தாலியன் பாடநூல்களும் செயலிகளும் ஆங்கிலம் பேசுகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் இதையெல்லாம் பெரிய இடைஞ்சல்போல நீட்டி விளக்கும். தம்பி அந்தப் பாடங்களை வேகமாகத் தாண்டலாம். ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்தே நேராக வாக்கியம் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி செயலி. எத்தனை நாள் தொடர்ச்சியாகப் படித்தோம் என்று கைபேசி காட்டும் அந்த எண் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே இரவு பதினொன்றே முக்காலுக்குப் போர்வைக்குள் இரண்டு நிமிடம் தட்டிவிட்டுத் தூங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படிப்பு என்று சொல்ல முடியாது. முதல் மாதங்களில் செயலி நன்றாக உதவும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்த நாலு விடையில் ஒன்றைத் தொடுவது வேறு, வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்வது வேறு. அந்த எண் ஒருநாள் விட்டுப்போனால் எல்லாமே போனதுபோல மனம் உடைந்துவிடும். அதனால் அவர் சம்மதித்தால், அவரே அதை ஒருமுறை வேண்டுமென்றே விட்டுவிடட்டும். பயம் போய்விடும்.

நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். முப்பது நிமிடத்தில் பத்து நிமிடம் பழைய சொற்களை வாய்விட்டுச் சொல்வது, பதினைந்து நிமிடம் புதுப் பாடம், மிச்சம் ஐந்து நிமிடம் நேற்று என்ன நடந்தது என்று இத்தாலியனில் நாலு வரி எழுதுவது. நேற்று நடந்ததை எழுதினால் அந்த இறந்தகாலம் தினமும் கைக்கு வரும், பாடமாகத் தனியே உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. உள்தேர்வு, காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று முடியாத நாட்களும் வரும். அந்த நாட்களுக்கு ஒரு குறைந்த அளவு வைத்துக்கொள்ளட்டும்: அந்த நாலு வரி மட்டும். அதுவும் முடியாவிட்டால் விடட்டும், மறுநாள் இரட்டிப்பாகப் படித்து ஈடுகட்ட வேண்டாம். கடன் அடைப்பதுபோல உட்கார்ந்தால் அன்றோடு வெறுத்துவிடும். மாத முதல் தேதியில், ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். “எங்கள் ஊர்” என்ற தலைப்பே போதும். மூன்றாவது பதிவை முதலாவதோடு சேர்த்துக் கேட்டால் முன்னேற்றம் அவர் காதுக்கே தெரியும். தினமும் பார்க்கும்போது தெரியாதது அது.

ஆனால் இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. அவர் படிக்கும் புத்தகம் ரோம் நகரில் ஹோட்டல் அறை பதிவு செய்யக் கற்றுக்கொடுக்கிறது. அவர் இத்தாலியன் படிக்க ஆரம்பித்ததோ தோலுக்காக. இரண்டுக்கும் ஒட்டவே இல்லை. வெனெத்தோ பகுதியில் அர்ட்ஸிஞ்யானோ, டஸ்கனியில் சாந்தா குரோச்சே, தெற்கே ஆட்டுத் தோலுக்குப் பெயர்பெற்ற சொலோஃப்ரா என்று தோல் பதனிடும் டேனரிகளாலேயே வாழும் ஊர்கள் அங்கே இருக்கின்றன. மிலான் நகரில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் லீனியாப்பெல்லே தோல் கண்காட்சி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வேலை செய்யும் டேனரியிலேயே இத்தாலிய மெஷின்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மகனுக்கு வேண்டிய பாடநூலில் பாதி உங்கள் கையில் இருக்கிறது ஐயா. முதலாளியிடம் அனுமதி கேட்டு, அந்த மெஷின்களின் பேனலில் இருக்கும் எழுத்துகளையும் மேனுவலில் இத்தாலியன் பக்கங்கள் இருந்தால் அவற்றையும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புங்கள். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் என்பது அவர்களுக்குப் பொத்தாலே, தோலைச் சீவி ஒரே தடிமனாக்கும் ஷேவிங் மெஷின் ரஸாத்ரீச்சே, தோலில் ஒட்டிய சதையை நீக்கும் ஃப்ளெஷிங் மெஷின் ஸ்கர்னாத்ரீச்சே. மேனுவலில் அதே பத்து இருபது வினைகள்தான் திரும்பத் திரும்ப வரும்: திருகு, நிறுத்து, சுத்தம் செய், சரிபார். பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். வாரத்துக்கு ஒரு பக்கம் படித்தால் போதும், “இது எனக்குப் புரிகிறது” என்ற மகிழ்ச்சி செயலியின் எந்தப் பரிசிலும் கிடைக்காது.

மொழி பரிமாற்றச் செயலிகளில் பேச ஓர் இத்தாலியரைத் தேடும்போதும் இந்தத் தொழில் உதவும். பெயர், ஊர், பிடித்த சாப்பாடு முடிந்ததும் பேச்சு நின்றுபோவதுதான் அங்கே வழக்கம். டஸ்கனியில் இன்றும் மரப் பட்டைச் சாற்றில் தோல் பதனிடுகிறார்கள். நம் பக்கத்திலும் ஆவாரம் பட்டையில் பதனிட்ட மரபு இருக்கிறது. அதை விளக்க ஒருவருக்கு ஐம்பது வாக்கியம் தேவைப்படும், கேட்கிறவரும் ஆவலோடு கேட்பார். இத்தாலி நேரம் நமக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி பின்தங்கியது. அவர்களுடைய மதிய உணவு இடைவேளை நமக்கு மாலை ஐந்து மணியை ஒட்டி வரும், கல்லூரி முடிந்த நேரம்தான். காது பழக, ஈஸி இத்தாலியன் யூடியூப் சேனலில் தெருவில் சாதாரண மக்களிடம் பேசும் வீடியோக்கள் எழுத்தோடு வருகின்றன. அவை இலவசம்.

நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். “எவ்வளவு முடிச்சே?” என்று கேட்பதை விடுங்கள். அவர் போன் செய்யும்போது, அந்த மேனுவலில் ஒரு வரியைச் சொல்லி இதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படுகிற ஒன்றைக் கேளுங்கள், சோதிப்பதற்காக வேண்டாம். அப்பாவுக்கு உதவுகிறோம் என்று தெரிந்தால் பிள்ளை தேடிப் போய்ப் படிக்கும்.

உங்கள் மைத்துனர் ஜெர்மன் படிக்கச் சொல்கிறார் என்றீர்கள். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் எந்தப் பொறியியல் வேலையானாலும் சரி என்றால் ஜெர்மனியின் வேலைச் சந்தை பெரியது, நான் மறுக்க மாட்டேன். ஆனால் தோல், காலணி, அதற்கான மெஷின், கெமிக்கல் என்று இந்தத் துறையிலேயே நிற்க விரும்பினால் இத்தாலியனுக்கு ஈடாக இன்னொரு மொழியைச் சொல்ல முடியாது. இங்கேயே இருந்து ஏற்றுமதி நிறுவனத்திலோ இத்தாலிய மெஷின் விற்கும் நிறுவனத்திலோ வேலை பார்த்தாலும் அது பயன்படும். எது வேண்டும் என்று தம்பியே முடிவு செய்யட்டும். இந்தச் சோர்வு நேரத்தில் மட்டும் மாற வேண்டாம். ஜெர்மனிலும் ஐந்தாவது மாதம் வரும்.

மேற்படிப்புக்கு இத்தாலியில் ஆங்கில வழிப் படிப்புகள் இருப்பதால் இத்தாலியன் எதற்கு என்றும் சிலர் சொல்வார்கள். வகுப்பறைக்கு வேண்டுமானால் தேவையில்லை. மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம், அந்த வேலை இத்தாலியனில்தான் நடக்கும். வீடு பிடிப்பதும், தங்கும் அனுமதிக்குத் தபால் நிலையத்தில் படிவம் கொடுப்பதும் அப்படியே. டேனரியில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் அங்கே நிற்கிற தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

தேர்வைப் பொறுத்தவரை சியேனாவில் உள்ள வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ், பெருஜாவில் உள்ள அதேபோன்ற பல்கலைக்கழகம் நடத்தும் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளீதா ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு. இந்தியாவில் எங்கே எழுதலாம் என்பதை டெல்லியிலோ மும்பையிலோ இருக்கும் இத்தாலியக் கலாச்சார மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். அடுத்த நாலைந்து மாதம் மேலே சொன்னபடி போகட்டும். அதன்பிறகு ஏ2 மாதிரித் தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து வீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை, முக்கியமாகக் கேட்டல் பகுதியில் வாங்கியதை, எனக்கு அவரையே எழுதச் சொல்லுங்கள். பி1 எப்போது எழுதலாம் என்பதை அதைப் பார்த்து அவரோடு பேசி முடிவு செய்கிறேன்.