மாதம் இரண்டு முறை மட்டும் எடுக்கும் காரில் நான்கு வருடப் பழைய பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. புதிது மாற்றினால் சரியாகிவிடுமா?

மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். நான் பொறுக்காமல் மாற்றினேன், பணம் போனதுதான் மிச்சம்.

நான் சென்னையில் இருக்கிறேன். அப்பா, அம்மா கும்பகோணத்தில். வீட்டில் ஒரு பழைய வேகன் ஆர் நிற்கிறது. அம்மாவின் கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் போக, எப்போதாவது கோயிலுக்குப் போக, அவ்வளவுதான் அதன் ஓட்டம். போன வருடம் ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் அப்பா பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்து வண்டியைத் தள்ளியிருக்கிறார். இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார் என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை. அந்த வாரமே ஊருக்குப் போய்ப் புது பேட்டரி போட்டேன். கடையில் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபதாவது நாள் மறுபடியும் செல்ஃப் எடுக்கவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்ன பெட்ரோல் கார்களில் வருவது பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. (பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு இது. ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் போனால் ஒரு ஆம்பியர்-ஹவர்.) காரைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் ரிமோட் லாக், கடிகாரம், இன்ஜினின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் அது இயல்பு. 30 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர்-ஹவர், மூன்று வாரத்தில் 15. புது பேட்டரியில் அது பாதிக்கும் குறைவு, வண்டி கிளம்பிவிடும். வயதான பேட்டரி முழு சார்ஜிலேயே இருபதுதான் பிடிக்கிறது என்றால், அதே 15 போன பிறகு செல்ஃப் மோட்டாரைச் சுற்ற என்ன மிஞ்சும்? தினமும் ஓடும் காரில் இந்த வயசு வெளியே தெரியாது. நிற்கிற காரில்தான் தெரியும்.

எங்கள் வண்டியில் வேறொரு கோளாறும் இருந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, பூட்டிய பிறகும் 90 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. வெளிக்கடையில் வாங்கி மாட்டிய மியூசிக் சிஸ்டத்துக்கு வயரைச் சாவியோடு அணையாத மாதிரி நேராகக் கொடுத்திருந்தார்கள். 90 என்றால் ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-ஹவருக்கு மேல். எவ்வளவு புது பேட்டரியாக இருந்தாலும் இருபது நாள் தாங்காது. வயரை மாற்றியதும் 20-க்கு இறங்கியது.

ஆகவே முதலில் தெரியவேண்டியது, பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கவில்லையா, இல்லை கார் அதை உறிஞ்சுகிறதா என்பதுதான். இதற்கு வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், சில நூறு ரூபாய்தான். பேட்டரியை சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு அரை நாள் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்டவேண்டும். (சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளக்காதீர்கள், பொய்யாக அதிகம் காட்டும்.) அப்படியே ஐந்து நாள் விட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 12.5-க்கு மேல் நின்றால் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கிறது, கசிவு காரில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எதுவும் இணைக்காமலே 12.2-க்கு வந்துவிட்டால் பேட்டரியின் காலம் முடிந்தது, யோசிக்காமல் மாற்றுங்கள். வோல்ட் நன்றாக நின்றும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலும் அதே முடிவுதான்.

"வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பாவும் அதைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) கொடுப்பது குறைவு. அதிலும் ஏசி, லைட் போட்டால் பேட்டரிக்குப் போய்ச் சேருவது சொற்பம். பேட்டரி எப்போதும் அரைகுறை சார்ஜிலேயே நின்றால் உள்ளே தகடுகளில் லெட் சல்பேட் படிந்து இறுகிவிடும். இறுகியது திரும்பக் கரையாது, பேட்டரி கொள்ளும் அளவு அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் வண்டியை ரோட்டில் ஓட்டுவது எவ்வளவோ மேல். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர், போய் வந்தாலே போதும். அதற்கும் வழியில்லை என்றால், பார்க்கிங்கில் ப்ளக் பாயிண்ட் இருக்கும் பட்சத்தில், முழுதானதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்கி மாதம் ஒரு இரவு போடுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது கட்-ஆஃப் சுவிட்ச். நெகட்டிவ் டெர்மினலில் மாட்டும் சின்னத் திருகு. அப்பாவுக்கு ஸ்பானர் தேவையில்லை, பானெட்டைத் திறந்து கையால் திருகிவிட்டால் மின்சாரம் துண்டாகிவிடும். இன்ஜின் ஓடும்போது மட்டும் அதைத் தொடவே கூடாது, ஆல்டர்னேட்டரும் எலக்ட்ரானிக்ஸும் பாழாகும். துண்டித்தபின் ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவி போட்டுப் பூட்டவேண்டும். கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் திருப்பி வைக்கவேண்டும். சுவிட்ச் இல்லாமல் ஸ்பானரால் கழற்றுகிறவர்கள் எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டு, ஸ்பானர் காரின் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றவேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, ஆசிடும் கூடாது.

சோதித்துப் பார்த்து, மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், கடையில் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். ஆறு மாதம் அலமாரியில் கிடந்த பேட்டரியை, இடையில் சார்ஜ் ஏற்றியிருந்தால் ஒழிய, வாங்காதீர்கள். பழைய பேட்டரியின் மேல் இருக்கும் எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 38B20L என்று இருந்தால் கடைசி L முக்கியம். R வாங்கிவிட்டால் டெர்மினல் பக்கம் மாறிவிடும், வயர் எட்டாது. பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். புதிதை மாட்டிய அன்றே, பூட்டிய காரில் எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்று ஒருமுறை அளந்து தரச் சொல்லுங்கள்.