மனதால் தாயம் விழவைக்க முடியுமா? வீட்டில் சோதிக்க வழி உண்டா?

நினைத்த எண்ணை விழவைக்க மனதுக்குச் சக்தி உண்டா, அதை வீட்டிலேயே சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதிக்கலாம். ஆனால் தாயக்கட்டையை வைத்துச் செய்யாதீர்கள்.

காரைக்குடிப் பக்கம் விசேஷ வீடுகளில், சாப்பாடு முடிந்ததும் ஆச்சிமார் தாயம் ஆடுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். பித்தளைக் கட்டை இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, "விழு தாயம்" என்று சத்தம் போட்டுத்தான் விடுவார்கள். எங்கள் வளவில் கைதேர்ந்த ஆச்சி ஒருவர் கட்டையை உயரத்திலிருந்து போடவே மாட்டார். ஆத்தங்குடிக் கல்லில் ஒன்றை உருளவிட்டு, மற்றதை அப்படியே சறுக்கிவிடுவார். வெறும் முகம், ஒன்று, இரண்டு, மூன்று என நாலு முகம் கொண்ட கட்டைகளில் தாயம், அதாவது இரண்டும் கூட்டி ஒன்று, விழ 16-க்கு 2 வாய்ப்பு. சறுக்கிய கட்டை வெறும் முகத்திலேயே நின்றுவிட்டால் அது 4-க்கு 1. இதில் மனசுக்கு வேலையே இல்லை, எல்லாம் மணிக்கட்டு.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்ற ஆய்வாளர் 1934-ல் பகடையை வைத்து இந்தச் சோதனையைத் தொடங்கியபோதும் இதே தொல்லைதான். புள்ளிகளைக் குடைந்தெடுத்த பகடையில் ஆறு இருக்கும் பக்கம் லேசாகி, கொஞ்சம் அதிகமாகவே மேலே வரும். ஆறு விழட்டும் என்று நினைத்தவர் ஜெயித்த மாதிரி தெரியும். ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்ணையும் சமமாக முறைவைத்துக் குறிவைத்தால்தான் இது சரியாகும்.

அங்கேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜான் என்ற பேராசிரியர் 1979-ல் தொடங்கிய ஆய்வுக்கூடம் கையையே ஒதுக்கிவிட்டது. மின்னணு இரைச்சலிலிருந்து 0, 1 எடுக்கும் கருவி, தடவைக்கு 200 இலக்கம், சராசரியாக 100 ஒன்றுகள். எதிரே உட்கார்ந்தவர் கூடட்டும், குறையட்டும், சும்மா இருக்கட்டும் என்று மூன்று விதமாக நினைக்க வேண்டும். 2007-ல் மூடும்வரை அவர்கள் சொன்ன விலகல் பத்தாயிரத்தில் சில பங்குதான். ஜெர்மனியின் ஃப்ரைபர்க், கீசன் ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து அவர்களே திரும்பச் செய்து 2000-ல் வெளியிட்டபோது, அதுவும் எதிர்பார்த்தபடி வரவில்லை. என்னைக் கேட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது.

சரி, இருந்தாலும் நீங்களே பார்க்க வேண்டுமா? எத்தனை தடவை, எந்த இலக்கு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நன்றாக வந்ததும் நிறுத்துவது, வராத வரிசையை "அப்போ மனசு ஒட்டலை" என்று அடித்துவிடுவது, இரண்டும் கூடாது. விழுவதைக் குறிக்க வேறு ஆள் வேண்டும், அவருக்கு உங்கள் இலக்கு தெரியக்கூடாது. அப்புறம் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பத்தாயிரத்தில் ஒரு பங்கு விலகலைத் தற்செயலிலிருந்து ஓரளவு தெளிவாகப் பிரிக்கவே ஏறத்தாழ 22.5 கோடி தடவை நாணயம் சுண்ட வேண்டும். வினாடிக்கு ஒன்றாக, இரவுபகலாகச் சுண்டினாலும் 7 வருஷம். கணினியிடம் விட்டுவிடுங்கள்.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதும் இதுதானே என்று யாராவது கேட்பார்கள். அது இதில் சேராது. வெள்ளையா சிவப்பா என்று சாமியிடம் கேட்கப் போகிறோமே தவிர, பொட்டலத்தை மாற்றிவைக்கப் போவதில்லை.