மோரிஸ் பிரவுன் மூடிப்போன கல்லூரியா?

தம்பி, அட்லாண்டாவுக்கு வந்த கையோடு நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அலுவலகத்தில் உங்களுக்கு மூத்தவர் ஒருவர், தாம் மோரிஸ் பிரவுன் கல்லூரியில் படித்தவர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். உங்களோடு தங்கியிருக்கும் நம் பையன்களோ, "அது அங்கீகாரம் போய் மூடிவிட்ட கல்லூரி, கறுப்பினத்தவருக்கு மட்டும்" என்கிறார்கள். எதை நம்புவது, அவரிடம் என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள்.

பையன்கள் சொல்வதில் பாதி பழைய செய்தி, மீதி பொய். கல்லூரி மூடப்படவே இல்லை. எந்த இனத்தவரும் அங்கே சேரலாம். தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக் கல்லூரியை எடைபோடும் நம் பழக்கம் இங்கே உதவாது என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு இந்த ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். போர் முடிந்ததும் கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள் அட்லாண்டாவில் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆனால் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த வெள்ளையர் மிஷன் சங்கங்களின் பணமும் நிர்வாகமும்தான் அவற்றுக்குப் பின்னால் இருந்தன. அப்படி ஒன்றான கிளார்க் கல்லூரியில் ஓர் அறைக்கு மேசை நாற்காலி வாங்க நன்கொடை கேட்டு, பிக் பெத்தேல் என்ற கறுப்பினத் தேவாலயத்துக்கு ஆட்கள் வந்தார்களாம். ஓர் அறைக்குக் கொடுக்க முடியுமென்றால் நாமே ஒரு கல்லூரி கட்டிக்கொள்ளக் கூடாதா என்று சபையார் ஒருவர் கேட்டாராம். 1881 ஜனவரியில் வெஸ்லி கெய்ன்ஸ் என்ற போதகர் அதையே தீர்மானமாகக் கொண்டுவந்தார். 1885 அக்டோபரில் ஒரு சாதாரண மரக்கட்டடத்தில் 107 மாணவர்கள், 9 ஆசிரியர்களோடு வகுப்புகள் தொடங்கின. கோயிலுக்குள் விடாதவர்கள் முன்னால் விருதுநகர் நாடார்கள் மகமை என்ற சமூகப் பொதுநிதிப் பணத்தில் தங்களுக்கென்று பள்ளிக்கூடம் கட்டிய கதையை அறிந்தவருக்கு, இந்த வீம்பு எளிதில் புரியும்.

பிக் பெத்தேல் ஆலயம் சேர்ந்திருக்கும் திருச்சபை பிறந்ததும் அவமானத்திலிருந்துதான். பிலடெல்பியாவின் மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில், மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை இழுத்து எழுப்பினார்கள். வெளியேறியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் தலைமையில் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை தனியாக உருவானது. அதன் இரண்டாவது பிஷப்தான் மோரிஸ் பிரவுன். சார்ல்ஸ்டன் நகரில் பெரிய சபையை நடத்தியவர். 1822இல் அங்கே அடிமைகளின் கிளர்ச்சித் திட்டம் ஒன்று அம்பலமானபோது வெள்ளையர் அந்த ஆலயத்தையே இடித்துப்போட்டார்கள். அவர் பிலடெல்பியாவுக்குத் தப்பி வந்தார். கல்லூரி தாங்கி நிற்பது அந்தப் பெயரை.

கல்லூரிக்கான தீர்மானம் நிறைவேறிய அதே ஆண்டு ஜூலையில், இந்த ஊரின் கறுப்பின சலவைத் தொழிலாளிப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படிப்பட்ட உழைப்பாளிகள் நிறைந்த சபைதான் கல்லூரியையும் சுமந்தது. கோடீஸ்வரர் யாரும் பின்னால் இல்லை. பெருமையும் அதுவே, பலவீனமும் அதுவே.

அந்தப் பலவீனம் 2002இல் வெளிப்பட்டது. கடனும் நிதி நிர்வாகச் சீர்கேடும் சேர்ந்து அங்கீகாரத்தைப் பறித்தன. அங்கீகாரம் இல்லையென்றால் மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. அதை நம்பியே படித்தவர்கள்தான் அங்கே அதிகம். சுமார் 2,500 மாணவர்கள் இருந்த இடத்தில் நூறு பேர்கூட இல்லாத நிலை வந்தது. 2012இல் திவால் பாதுகாப்பு கேட்டது, நிலத்தின் ஒரு பகுதியை விற்றது, ஆனாலும் கதவைச் சாத்தவில்லை. 2022இல் வேறோர் அமைப்பிடமிருந்து மீண்டும் அங்கீகாரம் பெற்றது. உங்கள் உறவினர் யாராவது அங்கே சேர நினைத்தால், பிறகு மாறப்போகும் கல்லூரி அங்கே முடித்த பாடங்களை (கிரெடிட்) ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் நம்மவர்கள் யோசிப்பதில்லை. 1965 மார்ச் 7 அன்று, கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கான பேரணியில், அலபாமா மாநிலத்தின் செல்மா நகரின் பாலத்தில் போலீஸ் தடியடிக்கு எதிரே உரிமைப் போராளி ஜான் லூயிஸுடன் முன்வரிசையில் நடந்த ஹோசியா வில்லியம்ஸ், இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்தவர். அந்தக் கறுப்பின உரிமை இயக்கம் நாட்டின் மனசாட்சியை உலுக்கிய அதே ஆண்டு அக்டோபரில்தான், ஆசியர்களைப் பெரும்பாலும் தடுத்துவைத்திருந்த குடியேற்ற ஒதுக்கீட்டு முறையை ஒழித்த சட்டம் கையெழுத்தானது. நாம் இங்கே வீடு வாங்கி, பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்.

ஒரு சனிக்கிழமை மார்ட்டா ரயிலில் வைன் சிட்டி நிலையத்தில் இறங்கிப் போய்ப் பாருங்கள். மணிக்கூண்டோடு நிற்கும் பவுண்டன் ஹால், கறுப்பின அறிஞர் டு போய்ஸ் பாடம் நடத்திய அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் கட்டடமாக இருந்தது. 1932இல் மோரிஸ் பிரவுன் அந்த வளாகத்துக்கு வந்தது.

அலுவலக நண்பரிடம் தரவரிசை, சம்பளம் என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த ஆண்டு படித்தீர்கள் என்று கேளுங்கள். 2002க்கு முன் முடித்தவர் என்றால் அவர் பட்டம் முழு அங்கீகாரம் உள்ள பட்டம். உங்கள் அறை நண்பர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். நெருக்கடி நேரத்தில் படித்தவர் என்றால், அவராகப் பேசும்வரை அங்கீகாரப் பேச்சை எடுக்க வேண்டாம்.