ஃபிரான்சைஸ் படங்கள் ஹாலிவுட் இயக்குநர்களின் கற்பனையை முடக்குகின்றனவா?

ஒரே கதாபாத்திரங்களையும் கதையுலகையும் வைத்துத் தொடர்ந்து வரும் இந்தப் படவரிசைகள் பலரை முடக்குகின்றன. 2009-இல் சூப்பர்ஹீரோ கதைகளின் மார்வெலையும் 2012-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் லூகாஸ்ஃபிலிமையும் டிஸ்னி வாங்கியது. ஒவ்வொன்றும் சுமார் 400 கோடி டாலர். அவ்வளவு பணம் போட்டவர்களுக்கு இயக்குநரைவிடக் கதாபாத்திரமே முக்கியம். மார்வெலின் ‘ஆன்ட்-மேன்’ படத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்த இயக்குநர் எட்கர் ரைட் 2014-இல் விலகினார். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசைப் படமான ‘சோலோ’வை இயக்கிக்கொண்டிருந்த ஃபில் லார்ட், கிறிஸ் மில்லர் இருவரும் 2017-இல் படப்பிடிப்பின்போதே நீக்கப்பட்டார்கள்.

எனக்குப் பெரிய வருத்தம், நடுத்தர பட்ஜெட் படங்கள் குறைந்துபோனதுதான். புதியவர்கள் தொழில் பழகியது அங்கேதான். இப்போது ஒரேயொரு சிறிய படம் எடுத்தவர்கூட நேராகப் பிரம்மாண்டத்துக்குத் தாவுகிறார். சண்டைக் காட்சிகளைப் பெரும்பாலும் வேறொரு குழு திட்டமிடுகிறது.

சரி, நன்மையே இல்லையா? உண்டு. மார்வெலுக்காக இயக்கிய ‘பிளாக் பேந்தர்’ தந்த செல்வாக்கில்தான் ரயன் கூக்ளர் தன் சொந்தக் கதையான ‘சின்னர்ஸ்’ படத்தை 2025-இல் கொண்டுவந்தார். 25 ஆண்டுகளில் அதன் உரிமையும் அவருக்கே திரும்பும்.