வாடகை எந்த நாளிலிருந்து ஓட வேண்டும்?

கேள்வி: பெங்களூரு கம்மனஹள்ளியில் டிபன் கடை வைக்க 1,200 சதுர அடி இடம் பார்த்திருக்கிறேன். வாடகை மாதம் 90,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகை. உள்ளே வெறும் சுவரும் ஷட்டரும்தான். சமையலறை, புகைக்குழாய், தண்ணீர் லைன் எல்லாம் நான்தான் போட வேண்டும். கான்ட்ராக்டர் 75 நாள் கேட்கிறார். ஓனரோ, அக்ரிமென்ட் போட்ட நாளிலிருந்து 30 நாளுக்கு மட்டும் வாடகை வேண்டாம் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: எத்தனை நாள் என்ற பேரத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதை முதலில் பேசுங்கள். ‘அக்ரிமென்ட் போட்ட நாளிலிருந்து’ என்ற வரியை மட்டும் ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் பேக்கரிக்காரர் ஒருவர் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார். சாவியும் கைக்கு வந்தது. ஷட்டரைத் தூக்கினால், பின்பக்கம் முன்பு இருந்தவரின் ஓடாத ஃப்ரீசர், உடைந்த கிரானைட் பலகைகள், ஃப்ளெக்ஸ் போர்டு கட்டுகள். அதையெல்லாம் எடுக்க வைக்க 19 நாள் ஆனது. வாடகை இல்லாத நாட்களில் 19 அங்கேயே போயிற்று.

அதனால் ‘காலி இடமாகச் சாவி கொடுத்த நாள்’ என்று எழுதச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு வரியும் வேண்டும்: ஓனர் தர வேண்டிய கையெழுத்தோ காகிதமோ தாமதமானால், அத்தனை நாளும் வாடகை இல்லாத நாட்களோடு சேர வேண்டும். உங்கள் தொழிலில் இது முக்கியம். கிரைண்டர், ஃப்ரீசர், புகை இழுக்கும் மோட்டார் எல்லாம் ஓட பவர் லோடு (இணைப்புக்கு அனுமதித்த மின் அளவு) கூட்டியாக வேண்டும். மீட்டரின் ஆர்.ஆர். நம்பர் (மின் இணைப்பு எண்) ஓனர் பெயரில் இருந்தால், பெங்களூருக்குக் கரன்ட் தரும் பெஸ்காமில் அவர் கையெழுத்து இல்லாமல் வேலை நடக்காது. கட்டடத்துக்கு ஓ.சி. (குடியேறலாம் என்று தரப்படும் சான்றிதழ்) இருக்கிறதா என்றும் இப்போதே கேளுங்கள். ஓ.சி. வாங்கிய பிறகே கரன்ட், தண்ணீர் இணைப்பு தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கார்பென்டர் ஊருக்குப் போய்விட்டால் அந்தத் தாமதம் உங்களுடையது. அதை ஓனர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் கேட்கும் 75 நாளுக்கும் அவர் தரும் 30 நாளுக்கும் இடையே 45 நாள். ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் என்றால் 1,35,000. இதோடு 18% ஜிஎஸ்டி 24,300. நீங்கள் இட்லிக்கு வாங்கப்போவது 5% வரி. அதில் உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது நீங்கள் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. ஆகவே வாடகைக்குக் கட்டும் ஜிஎஸ்டி திரும்பி வராது, முழுச் செலவுதான். ஓனர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றாலும், காம்போசிஷன் முறையில் (சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டம்) இல்லாமல் வழக்கமான பதிவில் நீங்கள் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். ஒரு தோசை விற்பதற்கு முன்பே 1,59,300 ரூபாய் கையை விட்டுப் போகும்.

75 கேளுங்கள், 60-க்கு இறங்கி வரலாம். ஓனருக்கும் பேங்க் தவணை இருக்கலாம். அவர் தயங்கினால் 45 நாள் முழு விலக்கு, அடுத்த 30 நாள் பாதி வாடகை என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு ஒன்றேதான், ஆனால் ஒன்றரை மாதத்திலேயே கையில் பணம் வருவதால் பலர் இதற்கு இறங்கி வருகிறார்கள். ‘விலக்கு தருகிறேன், மாத வாடகையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன்’ என்று சொன்னால் மட்டும் ஜாக்கிரதை. 1,35,000-ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,750. அதை வாடகையோடு கலந்துவிட்டால், மூன்றாண்டு முடிந்து, உதாரணத்துக்கு 15% ஏற்றும்போது அந்த 3,750-உம் சேர்ந்து ஏறும், கடை இருக்கும்வரை போகாது. தனித் தொகையாக எழுதி, 36-ஆம் மாதத்தோடு நிறுத்துங்கள்.

லாக்-இன் காலமும் (ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்க முடியாத காலம்) வாடகை ஏற்றமும் வாடகை தொடங்கிய நாளிலிருந்தே எண்ணப்பட வேண்டும். அட்வான்ஸ் 9 லட்சத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பாதி கையெழுத்தின்போது, மீதி காலி இடம் கைக்கு வந்த பிறகு. கரன்ட் பில்லும் பராமரிப்பும் சாவி வாங்கிய நாள் முதல் உங்கள் பொறுப்பு. அதில் பேரம் வேண்டாம். இவ்வளவு லட்சம் போட்டுவிட்டு 11 மாத அக்ரிமென்ட்டில் உட்காராதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையாக எழுதி, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

சாவி வாங்கும் அன்று பின்கதவு வரை நடந்து வீடியோ எடுங்கள். மீட்டர் ரீடிங்கைப் படம் பிடியுங்கள். ‘காலி இடம் பெற்றேன்’ என்று தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளையும் வாங்கிக்கொண்ட பிறகு கான்ட்ராக்டரை உள்ளே விடுங்கள்.