ஊதாதீர்கள், துடையுங்கள்: பழைய டிவி கேம் கேள்வி – பதில்

கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து பழைய டிவி கேம் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பரணிலிருந்து இறக்கியதும் ‘செத்துப்போச்சு’ என்று ஒதுக்கப்படும் செட்டுகளில் பல உண்மையில் நன்றாகவே இருக்கின்றன. உள்ளே இருக்கும் சிப் பழுதாவது அபூர்வம். கேசட் முனை, அடாப்டர், ஒயர் மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை வேறு எதிலும் கைவைக்காதீர்கள்.

கே: அண்ணனுக்கு 90-களில் வாங்கிய டிவி கேம் இது. கேசட் போட்டால் சில நேரம் வெறும் சாம்பல் திரை. சில நேரம் பாட்டு சரியாகக் கேட்கிறது, படம் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. முன்பு ஊதிப் போட்டால் வந்துவிடும். இப்போது அதுவும் பலிக்கவில்லை.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: பாட்டு சரியாகக் கேட்டு படம் மட்டும் சிதறுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நம் ஊரில் விற்ற செட்டுகளில் பெரும்பாலானவை 1983-ல் ஜப்பானில் வந்த, நின்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் என்ற செட்டின் நகல்கள். அவற்றின் கேசட்டில் பக்கத்துக்கு 30 வீதம் 60 முனைகள். முனைகள் இருக்கும் சர்க்யூட் அட்டையின் நீளத்தில் ஏறக்குறைய ஒரு பாதி ஆட்டத்தின் புரோகிராமுக்கும் பாட்டுக்கும், மறு பாதி படத்துக்கும் போகிறது. பாட்டு ஓடிப் படம் சிதறினால், படத்துக்கான பாதியில் ஏதோ முனை தொடவில்லை. வெறும் சாம்பல் திரையோ கறுப்புத் திரையோ வந்தால், புரோகிராம் பாதியில்தான் கோளாறு என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஊதினால் வந்ததற்குக் காரணம் காற்று இல்லை. கேசட்டை உருவித் திரும்பச் செருகும்போது முனைகள் உரசிக்கொண்டதுதான் காரணம். எச்சில் ஈரம் போய்ச் சேர்ந்த இடத்தில் செம்பு பச்சை பிடிக்கிறது. இத்தனை வருடம் ஊதிய ஊதலின் கணக்குதான் இப்போது தெரிகிறது.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் சர்வீஸ் கடைகளில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் கொடுப்பார்கள். மெடிக்கலில் விற்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். அதைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமென்றால், துடைத்தபின் அரை நாளாவது காயவிடுங்கள். காது பட்ஸை நனைத்து, முனையின் நீளவாக்கில் மேலிருந்து கீழே இழுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பக்கத்து முனைக்கு நகருமே தவிர வெளியே வராது. பட்ஸ் கறுப்பாக வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். பச்சை படிந்த முனையை மட்டும் வெள்ளை ரப்பரால் லேசாக இரண்டு இழுப்பு இழுத்து, ரப்பர் துகளை மறுபடி ஐபிஏ கொண்டு துடைத்துவிடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. மலிவான கேசட்டுகளில் மேல்பூச்சு மிக மெல்லியது. ஒருமுறை போனால் அடியில் உள்ள செம்பு சீக்கிரமே கறுக்கும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். செட்டின் வாயும் அதே அளவு அழுக்காகத்தான் இருக்கும். கேசட் அட்டையை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் அட்டையில் பருத்தித் துணியை ஒரு சுற்று சுற்றி, ஐபிஏ தொட்டு, பத்துமுறை செருகி எடுங்கள். துணியோடு சேர்ந்த தடிமன் கேசட் அட்டையின் தடிமனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் தகடுகள் விரிந்து, பிறகு எந்தக் கேசட்டையும் இறுக்கிப் பிடிக்காது. செட்டின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், அடாப்டரும் கழற்றியிருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே கேசட் மட்டும் வரவில்லை என்றால் அதைத் திறந்து பாருங்கள். உள்ளே சிப்புக்குப் பதில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருக்கும், சிப் அதற்குள்தான். அந்தப் பொட்டு விரிசல் விட்டிருந்தால் சரிசெய்ய வழியில்லை.

கே: மே மாதத்தில் மட்டும் விளையாடும்போது செட் தானாக ரீசெட் ஆகிறது. திரையில் ஒரு பட்டை மெதுவாக மேலே ஏறுகிறது, ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று இரைச்சல். மழை வந்தால் சரியாகிவிடுகிறது.
– வாசகி, நகரி

ப: கோடையில் லோ வோல்டேஜ் வரும் ஊர்களுக்கே உரிய பிரச்சினை இது. கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பழைய அடாப்டருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டிலிருந்து 170-க்கு இறங்கினால் அடாப்டர் தருவதும் அதே விகிதத்தில் இறங்கும். செட்டுக்குள் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர், வருவதை 5 வோல்ட்டாக்கித் தருகிறது. அதற்கு ஏறக்குறைய 7 வோல்ட்டாவது வந்தாக வேண்டும். அதற்குக் கீழே போனால் 5 வோல்ட் ஆடும், ஆட்டம் ரீசெட் ஆகும். ஏறும் பட்டையும் இரைச்சலும், அடாப்டருக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் கப்பாசிட்டர் காய்ந்துபோனதற்கு அடையாளம். அதை 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டராக மாற்றலாம். அதைவிட நல்லது, 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் 9 வோல்ட், 1 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (கனமில்லாத எலக்ட்ரானிக் வகை) அடாப்டரே வாங்கிவிடுவது.

வாங்குவதற்கு முன் பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பார்த்தே ஆகவேண்டும். ஃபேமிகாமிலும் அதன் நகல்கள் பலவற்றிலும் நடுமுனை மைனஸ். இன்றைக்குக் கடையில் தொங்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை பிளஸ். செட்டின் அடியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். பிறகு மல்டிமீட்டரின் சிவப்பு முள்ளைப் பிளக்கின் நடுவிலும் கறுப்பை வெளிப்புறத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் நடுமுனை மைனஸ். 12 வோல்ட் அடாப்டர் போட்டாலும் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் செட் அரை ஆம்பியர் இழுத்தால், 9 வோல்ட்டில் 2 வாட் சூடாகும் ரெகுலேட்டர் 12 வோல்ட்டில் 3.5 வாட் சூடாகும். நகரி வெயிலில் சூட்டை வெளியேற்றும் சின்னத் தகர ஹீட்சிங்க் அதைத் தாங்காது.

கே: கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய செட்டைப் போலவே இயங்கும் புரோகிராம்) போட்டு மரியோ ஆடினால் எல்லாம் வேகமாக ஓடுகிறது, பாட்டும் அவசரப்படுகிறது. சின்ன வயதில் இப்படி இல்லையே. வயதானதால் கை மெதுவாகிவிட்டதா?
– வாசகர், செங்கோட்டை

ப: உங்கள் நினைவு மிகச் சரி. ஜப்பான், அமெரிக்க டிவிகளுக்கான ஃபேமிகாம் நொடிக்கு 60 படம் காட்டும். நம் நாட்டு டிவி முறை நொடிக்கு 50 படம். இங்கே வந்த நகல் செட்டுகள் பெரும்பாலும் 50-க்கு மாற்றப்பட்டவை. ஆட்டமோ 60-ஐ நம்பி எழுதப்பட்டது. அதனால் ஓட்டம், குதி, திரை மூலையில் குறையும் நேரம் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகின. ஒரு நிமிடப் பாட்டு ஒரு நிமிடம் 12 நொடி நீண்டது. நீங்கள் பழகியது அந்த வேகம்தான்.

இதில் கவனிக்க ஒரு நுட்பம் உண்டு. நின்டெண்டோவே ஐரோப்பாவுக்குச் செய்த 50 படச் செட்டில் புராசசர் 1.66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஜப்பான் செட்டில் அது 1.79. அதனால் ஜப்பான் கேசட்டை ஐரோப்பியச் செட்டில் போட்டால் சுருதியும் இறங்கும். நகல் செட்டுகளைச் செய்தவர்கள் புராசசரை 1.77-ல் ஓட்டினார்கள். சுருதி கிட்டத்தட்ட மாறாமல் தாளம் மட்டும் மெதுவாகும் அந்தப் பாட்டு, நகல் செட்டில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த பாட்டு. அதைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. மெசன், எஃப்.சி.இ.யு.எக்ஸ். ஆகிய எமுலேட்டர்களில் ரீஜியன் பகுதிக்குப் போய் ‘டெண்டி’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். டெண்டி என்பது 1992-ல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் செட்டின் பெயர். வேகத்தில் அதுவும் நம் செட்டும் ஒன்றே. ‘பி.ஏ.எல்.’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது ஐரோப்பியச் செட்டின் முறை, அதில் சுருதி இறங்கிவிடும்.

கே: புது எல்.இ.டி. டிவியில் துப்பாக்கியால் வாத்து சுட முடியவில்லை. துப்பாக்கி போய்விட்டதா?
– வாசகர், கம்பம்

ப: துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும், எல்.இ.டி. டிவியில் அது வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் ஆட்டம் ஒரு கணம் திரையைக் கறுப்பாக்கி, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் காட்டும். துப்பாக்கிக் குழலில் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையை அந்தக் கணத்திலேயே பார்க்க வேண்டும். அதன் சர்க்யூட்டும் பழைய டியூப் டிவி வரி வரியாக வரையும் துடிப்புக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. எல்.இ.டி. டிவியில் அந்தத் துடிப்பு இல்லை, படமும் தாமதமாக வரும். துப்பாக்கிக்கு டியூப் டிவிதான் வேண்டும். காயலான் கடையில் ஓடும் நிலையில் 14 அங்குல டிவி கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதன் பின்மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

மற்ற ஆட்டங்களை எல்.இ.டி. டிவியில் ஆடலாம். மஞ்சள் ஒயரும் வெள்ளை ஒயரும் போதும். டிவியில் மஞ்சள் வாய் இல்லாமல் சின்ன ஹெட்ஃபோன் ஓட்டை மட்டும் இருந்தால் அந்த டிவிக்கென்றே தரும் ஏ.வி. ஒயரை வாங்குங்கள். உள் முனைகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் போட்டுவிடுங்கள், தாமதம் கொஞ்சம் குறையும்.

கே: மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த பழைய சாம்பல் நிற கேம்பாய் (நின்டெண்டோவின் கையடக்க கேம்). செல் கசிந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. திரையில் நெட்டுக் கோடுகள் சில விடுபட்டிருக்கின்றன. கேசட்டில் சேவ் செய்ததும் அழிந்துவிடுகிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

ப: மூன்றுமே சரியாகக் கூடியவை. முதலில் கசிந்த செல் எந்த வகை என்று பாருங்கள். ஆல்கலைன் செல் கசிவது காரம். வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்ட பட்ஸால் துடையுங்கள். விலை குறைந்த சாதா செல் கசிவது அமிலத் தன்மை உள்ளது, அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். இரண்டுக்கும் கடைசியில் ஐபிஏ தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள்.

கோடுகள் விடுபடக் காரணம், திரைக்கு அடியில் பட்டை ஒயர் ஒட்டியிருக்கும் இணைப்பு தளர்வது. 1989 கேம்பாயின் வெளி ஸ்க்ரூ மூன்று சிறகு வடிவம், அதற்கான டிரைவர் தனி. திறந்து, திரையின் கீழ் விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டையை விலக்கி, செட்டை ஆன் செய்து, குறைந்த சூட்டில் வைத்த சால்டரிங் அயர்னை இணைப்பின் மேல் நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் நிற்காதீர்கள். கோடுகள் கண்ணெதிரிலேயே திரும்பி வரும். இந்த வழி நெட்டுக் கோடுகளுக்குத்தான். படுக்கைக் கோடு விடுபட்டிருந்தால் சூடு காட்டாதீர்கள், இருப்பதும் கெடும்.

சேவ் அழிவது கேசட்டுக்குள் இருக்கும் 3 வோல்ட் காசு செல் தீர்ந்ததால். அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணையே வாங்குங்கள். சிஆர்2025 என்றால் 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 2.5 மில்லிமீட்டர் தடிமன். இரு பக்கமும் தகடு வெல்டு செய்த செல்லாகக் கேளுங்கள். வெறும் செல்லில் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம்.

கே: மூணாறில் மழைக்காலம் முழுக்க ஈரம். கேசட்டுகளை அரிசி டப்பாவில் வைக்கலாமா? பூச்சிக்கு ரசகற்பூர உருண்டை போடலாமா?
– வாசகர், மூணாறு

ப: இரண்டும் வேண்டாம். அரிசியில் மாவுத்தூள் உதிரும், வண்டு வரும். ரசகற்பூர ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 45 முதல் 50 சதவீதம் காட்டினால் நல்லது. நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிமோட்டின் ஒயரை ரிமோட்டின் மேலேயே சுற்றி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒயர் உறையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து, ரிமோட்டின் பிளாஸ்டிக்கில் பாம்பு ஊர்ந்த தடம் போல் குழி விழும். அந்தக் குழியை எதுவும் போக்காது. ஒயரைத் தளர்வாகச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து தனியே வையுங்கள். செட்டின் காற்றுத் துளைகளை மெல்லிய வலைத்துணியால் மூடினால் எறும்பும் ஏறாது.

கே: சந்தையில் ஒருவர் ‘9999999 இன் 1’ கேசட்டை ஒரிஜினல் என்று சொல்லி அதிக விலை கேட்கிறார். வாங்கலாமா?
– வாசகர், சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)

ப: நின்டெண்டோ அப்படி ஒரு கேசட்டை வெளியிட்டதே இல்லை. உள்ளே இருப்பது சில ஆட்டங்கள்தான். அவையே வேறு வேறு லெவலிலிருந்தும், அதிக உயிரோடும் தொடங்கி, பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். ஆனால் நம் வீடுகளில் ஓடியதும் அதே கேசட்டுகள்தான். நினைவுக்காகச் சேர்ப்பவருக்கு அதுவும் மதிப்புள்ள பொருளே. நகலுக்கான விலையில் வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் கேசட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஸ்க்ரூவோ அட்டையோ கழன்றிருக்கிறது. விற்பவரின் செட்டிலேயே போட்டு, பட்டியலின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் ஒவ்வோர் ஆட்டம் ஓட்டிப் பாருங்கள்.