கிரீன் கார்டில் வந்த மாணவர் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் வளர முடியுமா?

குடும்பத்தோடு கலிஃபோர்னியா வந்திருக்கிறீர்கள். கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) என்றால் மட்டமாக நினைப்பார்களோ என்பது உங்கள் கவலை. சொந்தக்காரர்கள் நினைக்கலாம், பெர்க்லி பல்கலைக்கழகம் நினைக்காது. அங்கிருந்து மாறி வருபவர்களை அது ஆண்டுதோறும் சேர்க்கிறது.

பாடத்தின் அளவை 'யூனிட்' கணக்கில் சொல்வார்கள்; மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். வந்து ஓராண்டு ஆகாவிட்டால் பல மடங்கு, கவனம். 60 யூனிட் முடித்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். டேவிஸ், அர்வைன் உட்பட ஆறு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்கள், உரிய மதிப்பெண் இருந்தால் இட உறுதியே தருகின்றன. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் தருவதில்லை.

ஆளை மாற்றுவது வகுப்பறைதான். நம் ஊரில் சந்தேகம் கேட்டால் 'அதிகப்பிரசங்கி'. இங்கே 'ஆஃபீஸ் அவர்' என்று பேராசிரியர் உங்களுக்காகவே காத்திருப்பார். முதல் தடவை கதவைத் தட்டக் கை கூசும். பக்கத்து இருக்கையில், இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்த நாற்பது வயது அம்மா ஒருவர் இருப்பார். உடைந்த ஆங்கிலத்தில் அவர் தயங்காமல் கேள்வி கேட்பதைப் பார்த்தால், நம் உச்சரிப்பு பற்றிய வெட்கம் பாதி போய்விடும். மீதி, குழுவாகச் செய்யும் புராஜெக்ட்டில் போகும்.

முதல் வாரமே காலேஜின் கவுன்சிலரை, அதாவது படிப்பு ஆலோசகரை, பாருங்கள். எந்தப் பாடம் எந்தப் பல்கலையில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' தளத்தில் நீங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.